உன் ஒன்பது வருடத்தில் ராத்திரிப் பிள்ளைகளே இல்லை

போன வியாழக்கிழமை காலையில், கேன்டீன் டீகூட இன்னும் மேலே வரவில்லை, திரையில் உன் பெயர் வந்து நின்றது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயரை இந்த மடலில் நான் எழுதப்போவதில்லை. அவ்வளவு கோபம் இருக்கிறது.

நம் ஆஸ்பத்திரிக்குப் புது சாஃப்ட்வேர் வருகிறது. நீயும் நானும் உட்கார்ந்து தட்டிய பிரசவ ரிஜிஸ்டர் முழுவதையும் பழைய டேட்டாபேஸிலிருந்து எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் சுத்தம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. பிறந்த நேரம் என்ற கட்டத்தில் குழப்பமாக ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, நேரத்தைச் சோதிக்கலாம் என்று நானே ஒரு சின்ன வினா எழுதினேன். ரிஜிஸ்டர் பக்கத்தின் தேதி ஒன்று, பிள்ளை பிறந்த தேதி வேறொன்று, அப்படி இருக்கிற வரிகளை மட்டும் காட்டு என்று கேட்டேன். நள்ளிரவுக்கு மேல் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் வர வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியும். வந்தார்கள். திரை திரையாக வந்தார்கள். எல்லாம் நான் தட்டிய வருடங்கள். நீ தட்டிய ஒன்பது வருடத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

அந்த ஒரு வரி என் தங்கச்சி மலர்.

சனிக்கிழமை, விடியற்காலை இரண்டே கால் என்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதே டேட்டாபேஸிலிருந்து நான் என் கையால் அச்செடுத்து, சீல் குத்தி அவளுக்குக் கொடுத்த சீட்டில் வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டே கால். வரியின் கடைசியில், திருத்தியவர் என்ற கட்டத்தில், உன் பெயர்.

அடிப் பாவி என்றுதான் முதலில் வாயில் வந்தது. பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றேன்.

என்னை அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதே நீதான். காளவாசலில் கம்ப்யூட்டர் கிளாஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. நான் உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். நீ கோரிப்பாளையத்திலிருந்து நடையும் பஸ்ஸுமாக எனக்கு முன்னால் வந்து எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருப்பாய். கிளாஸ் முடிந்த மாதமே அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் பழைய ரிஜிஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, “ரெண்டு பேரு வாரோம்”னு நீயாகவே சொல்லிவிட்டு வந்தாய். என்னைக் கேட்கவே இல்லை. அப்போது அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நம்மை ஒருத்தி கணக்கில் வைத்திருக்கிறாளே என்று இருந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு மூலை அறை கொடுத்தார்கள். சிக்னலில் நிற்கிற பஸ்களின் ஹாரன் சத்தம் நேராக உள்ளே வரும். ரிஜிஸ்டர்களைக் கையில் கொடுக்கவில்லை. தாள் உதிர்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் கொடுத்தார்கள். மூலப் பிரதிகள் கீழே, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறையில், இரும்பு பீரோவில். மொத்த வருடங்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். உனக்கு முதல் ஒன்பது, எனக்கு அதற்குப் பிந்தியவை.

முதல் நாளே முட்டிக்கொண்டது. பேர், ஊர், எடை எல்லாம் எழுதியிருக்கிறார்கள். நேரம் என்ற இடத்தில் வெறுமனே 2.15. காலையா மாலையா என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுதிய நர்ஸுக்கு அது தேவைப்படவில்லை. அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருந்ததா இருட்டா என்று தெரியும். நமக்கு எப்படித் தெரியும்?

“இந்த ரெண்டேகாலு ராத்திரியா பகலாடி?” என்று கேட்டேன்.

“ரெண்டுல ஒண்ணு” என்றாய்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்? எதப் போட?”

“எதையும் போடாத. தெரியலைனா தெரியலைன்னு விடு. அதுல என்னடி வெக்கம்? நாமளா நெரப்பி வச்சுட்டா அப்புறம் எது நெசம், எது நாம போட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

இதைச் சொன்னது நீ. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், நான் இல்லை, நீ. நேரத்தைக் காலியாக விட்டுவிட்டு, சந்தேகம் என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அதில் டிக் அடித்து வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நீதான். பிறகு தலைமை நர்ஸம்மாவைப் பிடித்து விசாரித்து வந்தாய். பகல் ட்யூட்டிக்காரர்கள் நீல மையிலும் இரவு ட்யூட்டிக்காரர்கள் சிவப்பு மையிலும் எழுத வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆதியிலிருந்தே சட்டம் உண்டாம். ஸ்கேனில் எல்லா மையும் ஒரே கறுப்பாகிவிட்டது. ஆகவே கீழே இறங்கிப் போய், பீரோவைத் திறந்து, மையின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். இரவு ட்யூட்டிக்கு வருகிற நர்ஸு சாயங்காலம் பக்கத்தின் மேலே தேதி போட்டுவிட்டு உட்கார்ந்தால், விடிந்து வீட்டுக்குப் போகிற வரைக்கும் அதே பக்கம், அதே தேதி. நம் ஊரில் யார்தான் நடுச்சாமத்தில் நாளை மாற்றுகிறார்கள்? விடிந்தால்தானே மறுநாள். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் சிவப்பு மையில் 2.15 என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது சனிக்கிழமை. இந்தக் கணக்கை எனக்கு ஒரு பழைய கேலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டியவள் நீ.

நான் என் பங்கைக் கீழே இறங்கி ஏறி, இறங்கி ஏறி முடித்தேன். என் வருடங்களில் பாதி நர்ஸுகள் இரவு, பகல் என்று எழுதியே வைத்திருந்தார்கள். எனக்கு வேலை சீக்கிரம் தீர்ந்தது. உன் வருடங்கள் இன்னும் பழசு, எழுத்தும் மோசம், இரவு, பகல் என்று எழுதுகிற பழக்கமே அப்போது இல்லை, டிக் அடித்தவையும் அதிகம். நீயும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போவாய். முக்கால் மணி கழித்து வருவாய். “என்னடி ஆம, இன்னுமா?” என்று கேலி செய்வேன். நீயும் சிரிப்பாய்.

பெரிய டாக்டரம்மாவின் மகன், நாம் சின்ன டாக்டர் என்று சொல்வோமே, அவர் ஒருநாள் மேலே வந்து, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சிஸ்டம் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரே வாரத்தில் உன் டிக்குகள் எல்லாம் காணாமல் போயின. நான் வாயைப் பிளந்தேன். “ஆம எப்ப மொயலாச்சு?” என்று கேட்டு, கீழே கடையில் பால்பன் வாங்கிக்கொடுத்தேன். தின்றாய். கைவிரலில் ஒட்டிய பாகை நக்கிக்கொண்டே தின்றாய். இப்போது நினைத்தால் அந்தப் பால்பன்னைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சிஸ்டம் ஓடியது. நம் இரண்டு பேரையும் அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். பிறந்த நேரம் கேட்டு வருகிறவர்களுக்கு அச்செடுத்து, சீல் குத்திக் கொடுப்பது நம் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்குத்தான் வருவார்கள்.

அப்படித்தான் மலருக்கும் வந்தது. எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம், பேர்ப் பொருத்தம் பார்ப்போம், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையனின் அம்மா ஜாதகம் இல்லாமல் நகர மாட்டேன் என்றுவிட்டார். உசிலம்பட்டிச் சந்தைப் பக்கம் உரக்கடை வைத்திருந்த பையன். மலருக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை; போன் வந்தால் மாட்டுக் கொட்டத்துப் பக்கம் போய் நின்று பேசிவிட்டு, மாடு தண்ணீர் குடித்ததா என்று பார்க்கப் போனேன் என்பாள். மாட்டுக்கு ஒரு நாளைக்கு அத்தனை தடவை தாகம் எடுக்குமா?

அவள் பிறந்த நேரத்தைச் சொல்ல ஆளில்லை. அவளுக்கு நாலு வயதாகும்போதே அம்மா போய்விட்டது. பிரசவத்துக்குக் கூட இருந்த அம்மாச்சியும் இல்லை. அப்பா அப்போது லாரியில் வடக்கே போயிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் பிள்ளை முகத்தையே பார்த்தார். “வெள்ளிக்கெழம பொறந்தான்னுதான் ஒங்க அம்மாச்சி சொல்லுச்சு, மணியெல்லாம் எனக்குத் தெரியாதுத்தா” என்றார். நான் என்ன பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? “எங்க சிஸ்டத்துல இருக்குப்பா, மணி நிமிசமே இருக்கு.”

மறுநாள் அச்செடுத்தேன். நீ பக்கத்தில் நின்று தாள்களுக்குப் பின் அடித்துக்கொண்டிருந்தாய்.

“யாருக்குடி?” என்றாய்.

“மலருக்குத்தான். வெள்ளிக்கெழம, மத்தியானம் ரெண்டேகாலு. அப்பா சொன்ன கெழமையும் சரியா வருது பாரு.”

“ஓ” என்றாய்.

அந்த ஓ-வை நான் அப்போது கவனிக்கவில்லை. இந்த ஒரு வாரமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை என்று அப்பா சொன்னது இரண்டுக்கும்தான் பொருந்தும் என்று உனக்குத் தெரியும். கேலண்டர் தாளில் கோடு போட்டுக் காட்டியவள் நீ. உன் ஒன்பது வருடத்துக்குள் இருக்கிற பிள்ளை அவள் என்றும் தெரியும். ஏய், இரு, இதை நான் பார்க்கவில்லை, ஒருதடவை பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நீ சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. அடுத்த தாளை எடுத்துப் பின் அடித்தாய்.

ஜோசியர் அந்தச் சீட்டை வைத்துக் கட்டம் போட்டார். நாலில் செவ்வாய் என்றார். பையனுக்குத் தோஷம் இல்லை, பெண்ணுக்கு இருக்கிறது, சேராது என்று சொல்லிவிட்டார். பையனின் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டார். “ஒங்க புள்ள நல்ல புள்ளதாண்ணே. எங்களுக்கு ஒரே பையன், மனசு ஒப்பல” என்றார். எனக்குச் செவ்வாயிலும் நம்பிக்கையில்லை, சனியிலும் இல்லை. ஆனால் அவர்களுக்கு இருந்ததே. நான் நம்பாததால் என் தங்கச்சிக்கு என்ன லாபம்?

மலர் அழவில்லை. என்னிடம் வந்து நின்றாள். “அக்கா, அந்த ரிஜிஸ்டர ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்” என்றாள்.

“அதெல்லாம் பாத்துதாண்டி ஏத்தியிருக்கு.”

“யாரு பாத்தா?”

“அவதான். அவ பாத்தா நான் பாத்த மாதிரி.”

“இருந்தாலும் நீயே ஒருதடவ போய்ப் பாருக்கா.”

எனக்கு வந்ததே கோபம். “என் கூட்டாளியச் சந்தேகப்படுறியா? அவ ஒரு புள்ளி விடமாட்டா தெரியும்ல? வந்த எடம் தட்டிப் போனதுக்கு அவ என்னடி செய்வா?” என்று கத்தினேன். அப்பா வந்து விலக்கிவிடுகிற அளவுக்குக் கத்தினேன். உனக்காக. உனக்காகத்தான் கத்தினேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது ஒரு பேச்சுக்கு உன்னிடம் கேட்டேன். “ஏய், மலரு நேரம் சரிதானடி?”

“பாத்துதாண்டி போட்டேன்” என்று சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தின்றாய்.

நாலாம் நாள் அந்த வரியைத் திருத்தியிருக்கிறாய். டேட்டாபேஸ் எதையும் மறப்பதில்லை. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு, முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன ஆனது, எல்லாம் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்கிறது. நான் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவப் போகிற நேரம் அது. நான் அறைக்கு வெளியே போகட்டும் என்று காத்திருந்து திருத்தினாயா? அன்றைக்குப் பையன் வீட்டில் வேறு இடம் எதுவும் பேசியிருக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு மாதம் கழித்துத்தான் அவனுக்குத் திருமங்கலத்தில் பூ வைத்தார்கள். இரண்டு மாதம்! நாள்தோறும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோமே. சரியான நேரத்தைக் கொண்டுபோய்ப் போட்டால் செவ்வாய் பத்தாம் இடத்துக்குப் போய்விடுகிறது, தோஷமே இல்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு ஜோசியரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். என்னை ஜோசியர் வீட்டு வாசலில் நிற்கவைத்த புண்ணியமும் உன்னைச் சேர்ந்ததுதான்.

நீ படுத்த அந்த எட்டு நாள் ஞாபகம் வருகிறது. மஞ்சள் காமாலை என்றுதான் முதலில் சொன்னார்கள், ஈரல் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் லீவு போட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சியை ஸ்பூனால் ஊட்டினேன். நீ என்னவெல்லாமோ பேசினாய். சந்துக்குள் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்காரன் கல்லை உங்கள் வாசலில் கொட்டுவதைப் பேசினாய். சின்ன டாக்டரின் நடையைச் செய்து காட்டினாய், அந்த நிலையிலும். ஒருநாள்கூட மலர் பேச்சை எடுக்கவில்லை. நான் எடுத்தேன். “இவளுக்கு ஒண்ணும் அமைய மாட்டேங்குதுடி” என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். வலி என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டேன்.

உன்னை எடுத்துக்கொண்டு போனபோது அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதவள் நான். உன் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படி அழவில்லை.

வியாழக்கிழமை அந்த வரியைப் பார்த்த பிறகு, உன் ஒன்பது வருடத்தையும் மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். என் வருடங்களில் பிள்ளைகள் எல்லா நேரத்திலும் பிறந்திருக்கிறார்கள், பிள்ளைக்கு என்ன ஆபீஸ் நேரமா? உன் வருடங்களில் நள்ளிரவுக்கு மேல் விடிகிற வரைக்கும் யாருமே பிறக்கவில்லை. மலர் ஒருத்தியைத் தவிர. அத்தனை பேரும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் கும்பலாகப் பிறந்து கிடந்தார்கள். தெரியாததை எல்லாம் மத்தியானம் என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறாய். இத்தனை வருடத்தில் ஒருத்தரும் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை, நான் உட்பட.

கீழே இறங்கினேன். இரண்டு மாடி. பீரோவைத் திறந்து, அந்த ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து, பக்கத்தைத் திருப்புகிற வரைக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைப் பக்கம். அம்மாவின் பெயர், எங்கள் ஊர், பெண் குழந்தை, 2.15. எல்லாம் சிவப்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் குங்குமம் மாதிரி சிவப்பு. வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன டிக். உன் டிக்கை எனக்குத் தெரியாதா? திருத்துகிற அன்றைக்கு நீயும் இங்கே வந்து, இதே பக்கத்தைத் திறந்து, இதே சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்திருக்கிறாய். பிறகு நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் கீபோர்டில் தட்டியிருக்கிறாய்.

சின்ன டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றவில்லை, மன்னித்துக்கொள் என்றும் சொல்லமாட்டேன். ஒன்பது வருடத்திலும் இருந்த நேரங்களை எல்லாம் காலியாக்கி, டிக் அடித்து வைத்துவிட்டுத்தான் அவர் அறைக்கே போனேன்.

“எல்லாத்தையுமா அழிச்சீங்க?” என்றார் பதறிப்போய்.

“அழிக்கல சார். பழசு பக்கத்துலயே இருக்கு. ஆனா அத நம்பி இனிமே சீலு குத்த மாட்டேன்.”

“புது சிஸ்டம் அடுத்த மாசம் வருதேம்மா.”

“தேதிய நெருக்கித்தான் சார் இம்புட்டும் ஆச்சு” என்றேன். அன்றிலிருந்து தினமும் இறங்கி ஏறுகிறேன். ஒவ்வொரு சிவப்பு வரியைத் திருத்தும்போதும், இந்தப் பிள்ளைக்கு நான் எப்போது சீல் குத்திக் கொடுத்தேன், அந்தச் சீட்டு எந்த வீட்டுக்குப் போய் என்ன செய்ததோ என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குப் போனேன். மலர் அங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பையனுக்குப் பிறகு வந்த இடங்களை எல்லாம் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். என்னோடு ஆறு வருடமாகச் சரியான பேச்சில்லை. சாப்பிட்டாயா என்றால் ம், வேலை எப்படி என்றால் ம். சீட்டைக் கொடுத்தவள் நான் என்கிற கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். இன்றைக்கு அது தீர்ந்துவிடும், குற்றவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறோம் என்று ஒரு நினைப்பு எனக்கு.

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அப்பா கொட்டத்தில் இருந்தார்.

“மலரு, ஒன் நேரம் தப்பு. மத்தியானம் இல்ல. விடியக்கால ரெண்டேகாலு, சனிக்கெழம” என்றேன்.

தலையைத் தூக்காமலே, “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அந்தக்கா வந்துச்சு. அவனுக்குப் பூ வச்ச மறுவாரம். பள்ளிக்கூட வாசல்ல வெயில்ல நின்னுச்சு.”

“வந்து?”

“எல்லாத்தையும் சொல்லுச்சு. மொத நாளு கீழ போய், பீரோ நெறைய ரிஜிஸ்டரப் பாத்ததுமே மலைச்சுப்போச்சாம். அப்புறம் தேதி நெருங்கிருச்சாம், நீ வேற ஆமைன்னு கேலி பண்ணுனியாம். அப்படியே மத்தியானம்னு போட்டுட்டுப் போயிருச்சாம். கீழ போற மாதிரி போய் ஆம்புலன்ஸ் ஷெட்டுல ஒக்காந்துட்டு வருமாம். சொல்லிட்டு அழுதுச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அது மூஞ்சியிலயே முழிக்க மாட்டியாம். ஒன்னைய விட்டா அதுக்கு ஆரு இருக்கான்னுச்சு. வெளிய தெரிஞ்சா ஒனக்கும் சேத்து வேலை போயிரும்னுச்சு. சரி, பூவும் வச்சாச்சு, இனிமே சொல்லி என்னன்னு நானும் விட்டேன்.”

“அப்ப ஏண்டி எங்கிட்ட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்ச? தப்புப் பண்ணுனவ அவதான?”

அப்போதுதான் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தக்கா தப்புப் பண்ணுச்சு, வந்து சொல்லுச்சு. ஆனா நான் அந்தக்காவையா கேட்டேன்? ஒன்னையத்தானக்கா கேட்டேன், ஒரு எட்டு பாருன்னு. ரெண்டு மாடி. நீ எறங்கல.”

மறுபடி தாளைத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். அப்பா கொட்டத்திலிருந்து, “காப்பி குடிச்சியாத்தா?” என்று கேட்டார். குடித்தேன் என்று பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா நகர்ந்து உட்காருகிற அளவுக்கு வாய்விட்டுத் திட்டினேன். என் சோற்றைத் தின்றுகொண்டே என்னிடம் பொய் சொன்னாய். என் தங்கச்சியிடம் அழுது தீர்த்துவிட்டு என்னிடம் சிரித்தாய். நீங்கள் இரண்டு பேரும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு என்னை நடுவில் முட்டாளாக உட்காரவைத்திருந்தீர்கள். நீ உயிரோடு இருந்தால் கோரிப்பாளையத்தில் இறங்கி, உன் சந்துக்குள் வந்து, நாலு பேர் பார்க்க உன் தலைமுடியைப் பிடித்திருப்பேன். அப்புறம் நானும் உட்கார்ந்து அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்தக் கோபம் இப்போதைக்கு ஆறாது. ஆற வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை.

ஆனால் செக்கானூரணி தாண்டியதும் திட்டு நின்றுவிட்டது. மலர் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது அங்கேதான் உறைத்தது. “ஆமாடி, நான் எறங்கல, என் தப்புதான்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் முன்னால் நிற்கும்போது தொண்டை வரைக்கும் வந்தது. வாசலில் செருப்பு மாட்டும்போதும் வந்தது. நேற்று போனை எடுத்து அவள் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். உன் கோழைத்தனத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். சொந்த வீட்டில், கூடப்பிறந்தவளிடம், எனக்கு ஒரு வரி வரவில்லை.

அந்தப் பள்ளிக்கூட வாசலில், அவ்வளவு வெயிலில், அவள் முகத்துக்கு நேரே நீ எப்படிடி நின்றாய்?